பெயிண்ட் தடிமன் மீட்டரை வைத்து கார் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்ட் தடிமன் மீட்டரைக் கையோடு கொண்டுபோவது நல்லதுதான். ஆனால் ஒரு பேனலில் (கதவு, பானெட், ஃபெண்டர் போன்ற ஒவ்வொரு வெளித்தகட்டில்) ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நசுங்கிய இடத்தை நிரப்பிச் சமப்படுத்தும் புட்டியை யாரும் பேனல் முழுக்கப் பூசுவதில்லை, அடிபட்ட இடத்தில்தான் பூசுவார்கள். பின்பக்க ஃபெண்டரின் மேலே 130 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) காட்டும். ஒரு சாண் கீழே, சக்கர வளைவை ஒட்டி 900 காட்டும். அதனால் ஒரு பேனலுக்கு ஐந்தாறு இடமாவது பாருங்கள், கீழ்ப்பகுதியை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, "150-ஐத் தாண்டினால் அடிபட்ட கார்" என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தொழிற்சாலை பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். சில கார்களில் 180 வரைகூடப் போகும். முதலில் கூரையை அளந்துகொள்ளுங்கள். அங்கே அடிபடுவது அபூர்வம் என்பதால் அந்தக் காரின் அசல் பெயிண்ட் எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும். அப்புறம் இடது கதவையும் வலது கதவையும் ஒப்பிடுங்கள். ஒரு கதவு முழுக்க ஒரே சீராக 250 என்றால், கீறலுக்காக மறுபடி பெயிண்ட் அடித்திருக்கலாம். அதற்காகக் காரை ஒதுக்க வேண்டியதில்லை. 300, 800, 450 என்று ஏறி இறங்கினால் அடியில் புட்டி இருக்கிறது.

குறைவான அளவு வந்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. மற்ற இடமெல்லாம் 120 இருக்க, பானெட்டில் மட்டும் 70 என்றால் அளவுக்கு மீறி பாலிஷ் போட்டிருக்கலாம். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான். அது தேய்ந்துபோனால் வெயிலில் நிறம் சீக்கிரம் மங்கும். கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்புகளில் தொழிற்சாலையிலேயே பெயிண்ட் மெல்லிசாகத்தான் இருக்கும். அதை வெளிப்பக்கத்தோடு ஒப்பிடாதீர்கள்.

மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் பலர் "பிளாஸ்டிக் போல" என்று விட்டுவிடுகிறார்கள். பம்பர் என்றால் சரி. இரும்புக்கு மட்டுமான மீட்டர் அலுமினிய பானெட்டிலும் காட்டாது. ஆனால் கதவிலோ ஃபெண்டரிலோ ஒரு இடத்தில் காட்டி, பக்கத்திலேயே காட்டவில்லை என்றால், மீட்டரின் எல்லையைத் தாண்டும் அளவுக்குப் புட்டி அப்பியிருக்கலாம்.

அளக்கும் முன் கூடவே வரும் உலோகத் தகட்டில் பூஜ்ஜியம் சரிபாருங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, முனை சாயாமல் நேராக வைத்து அழுத்துங்கள். விளிம்புகளும் கூர்மையான வளைவுகளும் தப்பான அளவு காட்டும். அலகையும் கவனியுங்கள், 5 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் 127 மைக்ரான். பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய கார் என்றால் அதன் தடிமனும் சேர்ந்துதான் வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்து, எல்லா அளவும் சரியாக வந்தாலும் கார் அடிபடாதது என்று முடிவு கட்டிவிட முடியாது. நசுங்கிய ஃபெண்டரைக் கழற்றிப் போட்டு, புதியதில் நன்றாகப் பெயிண்ட் அடித்தால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. பானெட், கதவுக் கீல்களின் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள, கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்களைக் கட்டாயம் அளந்து பாருங்கள். கதவை மாற்றிவிடலாம், பில்லர் காரின் எலும்புக்கூட்டோடு சேர்ந்தது. அங்கே புட்டி அளவு வந்தால், காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தை ஒரு நல்ல மெக்கானிக் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.