ஐவஸ், ஓசிடி பார்த்து ஸ்டென்ட் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஞ்சியோகிராம் காட்டுவது இதய ரத்தக்குழாயின் நிழலை மட்டுமே. சுவரில் படிந்திருப்பது கொழுப்பா கால்சியமா, குழாயின் உண்மையான அகலம் என்ன என்பதெல்லாம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒலியலையால் பார்ப்பது ஐவஸ். அகச்சிவப்பு ஒளியால் பார்ப்பது ஓசிடி.

ஸ்டென்ட் வைத்து முடித்த பிறகே முதல் படம் எடுப்பதுதான் பெரிய தவறு. கால்சியத்தைப் பார்க்காமல் வைத்த ஸ்டென்ட் அரைகுறையாக விரிந்து நின்றுவிட்டால், அதை வெளியே எடுக்க வழியில்லை. ஓசிடியில் கால்சியம் குழாயைச் சுற்றி 180 டிகிரிக்கு மேல் வளைந்து, 0.5 மி.மீ.க்கு மேல் தடித்து, 5 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் முதலில் ரோட்டாப்ளேஷன் (சுழலும் முனையால் அரைப்பது) அல்லது லித்தோட்ரிப்சி (அதிர்வலையால் நொறுக்குவது) செய்து அதை உடைக்க வேண்டும். ஐவஸில் கால்சியத்துக்குப் பின்னால் நிழல் விழுவதால் அதன் தடிமனை அளக்க முடியாது.

படம் எடுக்கும் முன் குழாய்க்குள் அதை விரியவைக்கும் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம் கொடுக்க மறக்கக் கூடாது. சுருங்கிய குழாயை அளந்தால் சின்ன ஸ்டென்டைத்தான் தேர்ந்தெடுப்போம்.

ஓசிடிக்கு ரத்தம் முழுதாக விலக வேண்டும். இடப்பக்கக் குழாயில் வினாடிக்கு 4 மி.லி. வேகத்தில் மொத்தம் சுமார் 14 மி.லி. டை (ரத்தத்தைத் தள்ளி விலக்கும் கான்ட்ராஸ்ட் திரவம்) போவது வழக்கம். வலப்பக்கத்துக்கு வினாடிக்கு 3 மி.லி. போதும். டையைச் செலுத்தும் கைட் கதீட்டர் (குழாயின் வாயில் பொருத்தும் மெல்லிய டியூப்) சரியாக உட்காராவிட்டால் மிச்ச ரத்தம் சுழன்று ரத்தக்கட்டி போலவே தோன்றும். குழாயின் வாயிலேயே அடைப்பு இருந்தாலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ ஐவஸே நல்லது.

ஸ்டென்டின் முனை, கொழுப்புப் படிவு பாதிக்கும் மேல் அடைத்துள்ள இடத்தில் முடியக் கூடாது. வெளிச்சுவர் 180 டிகிரிக்காவது தெரிந்தால் அதன் விட்டத்தை அளந்து, ஸ்டென்டின் அளவை அடுத்த 0.25 மி.மீ.க்குக் கீழிறக்கலாம், 3.6 வந்தால் 3.5. தெரியவில்லையென்றால் உள்விட்டத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

வைத்த பிறகு எடுக்கும் படத்தைக் கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிப்பதும் தவறுதான். கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஸ்டென்டின் இரு முனைகளுக்கு அப்பால் குழாயின் உள்பரப்பு 8, 6 சதுர மி.மீ. என்றால் சராசரி 7. ஸ்டென்டுக்குள் அதில் 80 சதவீதமாவது வர வேண்டும், அதாவது 5.6. ஸ்டென்டின் மிகக் குறுகிய இடத்தில் 5 தான் வருகிறதென்றால், விட்டம் பார்த்துத் தேர்ந்த நான்-கம்ப்ளையன்ட் பலூனால் (அழுத்தம் கூடினாலும் அளவு மீறி ஊதாத பலூன்) அதிக அழுத்தத்தில் மறுபடி விரித்து, மறுபடி படம் எடுக்க வேண்டும்.

நேர்மாறாக, ஓசிடி நுணுக்கமாகக் காட்டுகிற ஒவ்வொன்றையும் துரத்துவதும் ஆபத்து. ஸ்டென்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே 0.4 மி.மீ.க்குக் குறைவான சின்ன இடைவெளியைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஸ்டென்டின் முனையில் குழாய்ச் சுவரில் விழும் கிழிசல் 60 டிகிரிக்கு மேல் பரவி, 2 மி.மீ.க்கு மேல் நீண்டு, சுவரின் நடு அடுக்கு வரை போயிருந்தால்தான் இன்னொரு ஸ்டென்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.