அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஆளை எப்படிப் பார்ப்பது? ஒரு வக்கீல் குமாஸ்தாவின் யோசனை

நம் ஊரில் மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார்; அரசியல் சட்டத்தின் 165-வது பிரிவு. அமெரிக்க மாநிலங்களில் அந்த நாற்காலிக்குப் பெயர் அட்டர்னி ஜெனரல்; 43 மாநிலங்களில் அதற்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள். வர்ஜீனியாவில் குடியுரிமை வாங்கிய என் அக்கா மகன், "மாமா, இதுக்கு ஆளை எப்படிப் பாக்குறது?" என்று கேட்டான். ராமநாதபுரம் கோர்ட்டில் கேஸ் கட்டோடு அலைகிறவனுக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்களுக்கும் உதவும்.

முதலில், உங்கள் மாநிலத்தில் இந்தத் தேர்தல் உண்டா என்று பாருங்கள். நியூ ஜெர்சியில் கவர்னர் நியமிப்பார், டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றம். குடியுரிமை இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் வாக்காளர் படிவத்தில் கையெழுத்தே போடாதீர்கள். நாடு கடத்துகிற அளவுக்குப் போகும்.

அப்புறம் வேட்பாளர் பேச்சைக் கேளுங்கள். "கொலைகாரனை உள்ளே தள்ளுவேன்" என்றே முழங்கினால் நான் மார்க் குறைப்பேன். அந்த வழக்குகளில் பெரும்பாலானவை உள்ளூர் அரசு வக்கீலுடையவை. வர்ஜீனியாவில் அவருக்குத் தனித் தேர்தல். அட்டர்னி ஜெனரலுக்குப் பெரும்பாலும் சிவில் வேலை: அரசுத் துறைகளுக்கு ஆஜராவது, சட்டக் கருத்து சொல்வது, ஏமாற்றும் கம்பெனிகள் மேல் வழக்குப் போடுவது. மண்டபத்தில் ஒருவர் வாங்கிய போட் இன்ஜின் ஒரே மாதத்தில் நின்றால், அவரே ரசீதோடு நுகர்வோர் கோர்ட்டுக்கு வர வேண்டும். (அந்த ரசீது உப்புத்தண்ணீரில் ஊறி, தேதி மட்டும் அழிந்திருக்கும்.) அங்கே அதே இன்ஜின் வாங்கிய எல்லோருக்காகவும் மாநிலமே கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். 1998-ல் 46 மாநில அட்டர்னி ஜெனரல்கள் சிகரெட் கம்பெனிகளை 25 வருஷத்தில் சுமார் 20,600 கோடி டாலர் தர ஒத்துக்கொள்ள வைத்தார்கள்.

ஆகவே, இவர் யார் மேல் வழக்குப் போட்டார் என்று தேடுங்கள். பதவியில் இருப்பவர் என்றால் அலுவலக இணையதளத்தில் செய்திக் குறிப்புகள் இருக்கும். புது ஆள் என்றால், வக்கீலாக யார் யாருக்காக ஆஜரானார் என்று பாருங்கள். நன்கொடைக் கணக்கும் பொதுவில் கிடைக்கும். வர்ஜீனியாவில் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது, அதனால் அங்கே இது ரொம்ப முக்கியம். நாளைக்கு இவர் வழக்குப் போட வேண்டிய கம்பெனியே இன்று செக் கொடுத்திருக்கலாம்.

வர்ஜீனியாவில் 2025-ல் தேர்தல் முடிந்தது, அடுத்தது 2029. 45 நாள் முன்பே நேரில் போய் ஓட்டுப் போடலாம். ஓட்டுச் சீட்டில் கவர்னர், துணை கவர்னருக்குக் கீழேதான் இந்தப் பதவி வரும். மேலே மட்டும் குறித்துவிட்டு வந்துவிடாதீர்கள்.