புளிக்காத மா, வேகாத கடலை: மலைநாட்டுக் காலைச் சாப்பாட்டில் நாம் விடும் தவறுகள்

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ஜனவரிப் பனியில் தோசைக்கு அரைத்து வைத்த மா மறுநாள் காலையில் வைத்தது வைத்தபடியே இருக்கும். ஒரு குமிழ்கூட எழும்பியிருக்காது. கொழும்புப் பக்கம் பிறந்து வளர்ந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மதினி, முதல் வருஷம் இந்த மாவோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. உளுந்து பழசு என்றார், கடையை மாற்றினார். அரிசி சரியில்லை என்றார், அதையும் மாற்றினார். மூன்றாவது கடைக்குக் கிளம்பியபோதுதான் அம்மா வாய் திறந்தார்: "உளுந்த ஏம்மா திட்டுற? நமக்குக் குளிருற மாதிரிதானே அதுக்கும் குளிரும்."

கலப்படமில்லாமல் வீட்டிலேயே காலைச் சாப்பாடு செய்ய வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எடுத்த யூடியூப் வீடியோவைப் பார்த்து அதே கணக்கில் செய்கிறோம். சாமான் மலை ஏறி வந்துவிடுகிறது, செய்முறை மட்டும் கீழேயே நின்றுவிடுகிறது. இரண்டு தடவை சொதப்பியதும் "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் திரும்பிவிடுகிறோம்.

முதலில் மாவையே எடுத்துக்கொள்வோம். தோசை மா நன்றாகப் பொங்க 27 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். நுவரெலியாவில் வருஷச் சராசரியே 16 பாகை அளவுதான், பனிக்கால இரவில் அது இன்னும் கீழே போகும். கீழ்நாட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது இங்கே பதினாலு, பதினெட்டு மணி நேரம் கேட்கும். இரவு அரைத்துக் காலையில் சுடலாம் என்று நினைப்பதுதான் தவறு. ஞாயிறு காலைத் தோசைக்கு சனி காலையிலேயே அரைத்துவிட வேண்டும். ஊறவைப்பதும் அரைப்பதும் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில். உளுந்தோடு ஒரு கரண்டி வெந்தயம். வெக்கையான ஊர்களில் மா அளவுக்கு மீறிப் புளித்துவிடக் கூடாதென்று முதலிலேயே உப்புப் போட்டு வைப்பார்கள். நமக்கு அந்தப் பயமே இல்லை, உப்பைக் காலையில் போட்டால் போதும்.

சூடு வேண்டும் என்றதும் பாத்திரத்தைக் கொண்டுபோய் அடுப்பு மேட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மதினியும் வைத்தார். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மா வெந்து களியாகிவிட்டது. மேலே இருந்தது வைத்தபடியே இருந்தது. அடுத்த வாரம் விறகு காயப்போடும் பரணில் ஏற்றினார். மா பொங்கியது, உண்மை, ஆனால் தோசையில் சவுக்கு விறகுப் புகை வாடை. பெரிய அண்டாவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாப் பாத்திரத்தை இறக்கி, மூடி, அப்பாவின் பழைய கம்பளியைச் சுற்றி வைத்தபோதுதான் சரியாக வந்தது. படுக்கப் போகுமுன் தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் இன்னும் நல்லது. ஆப்பச் சோடாவை அள்ளிப் போட்டு மாவைத் தூக்கிவிடலாம்தான், தோசையும் உப்பும். ஆனால் அந்தப் புளிப்பு வராது. அதோடு, சோடா கூடினால் தானியத்தில் இருக்கிற வைட்டமின் பி1 அழிந்துபோகிறது. பிறகு எதற்கு ஒரு நாள் முழுக்க அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைக்க வேண்டும்?

அடுத்தது கடலை, கௌப்பி. காலையில் அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தால் அதை மிஞ்சிய சாப்பாடு இல்லை என்பேன். ஆனால் "ரெண்டு மணி நேரமாக் கொதிக்குது, கல்லாட்டம் இருக்கு" என்ற புலம்பலைக் கேட்காத லயம், அதாவது தோட்டத்து வரிசைவீடு, இருக்காது. பழைய கடலையாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய காரணம் உயரம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு பாகை குறைகிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் 96இலேயே கொதித்துவிடும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 94. பார்க்கிறவர்களுக்குத் தளதளவென்று கொதிக்கிற மாதிரிதான் தெரியும், உள்ளே இருக்கிற கடலைக்கு ஆறு பாகை குறைவு.

இதற்கு நாம் செய்யும் தவறு, இன்னும் இரண்டு விறகைத் திணிப்பது. எவ்வளவு எரித்தாலும் கொதிக்கிற தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. ஆவி கூடும், விறகு தீரும், அவ்வளவுதான். மூடிபோட்டு, மெல்லிய கொதியில் விடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அழுத்தத்தில் தண்ணீரின் சூடு நூறைத் தாண்டும், கீழ்நாட்டைவிடக் கொஞ்சம் நேரம் கூட வைத்தால் போதும். முதல் நாள் மாலையே சுடுதண்ணீர் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். பச்சைத் தண்ணீர் இங்கே ஐஸ் தண்ணீர் மாதிரி, கடலை அதில் சும்மா கிடக்கும். அப்புறம் தக்காளி, புளி, கொறுக்காய் எதுவானாலும் கடலை நசுங்குகிற பதத்துக்கு வந்த பிறகே. புளிப்பு முன்னாடி விழுந்தால் தோல் இறுகிப்போகும்.

இடியப்பத்துக்கும் இதே கதைதான். கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, மாவை அரித்து, உப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் தண்ணீர் ஆறிப்போகும். ஆறிய தண்ணீரில் குழைத்த மா உரலில் பிழிய வராது. கை வலிதான் மிச்சம். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியாகக் கேத்தலை இறக்குங்கள். குழைக்கிற பாத்திரத்தையும் ஒரு தடவை சுடுதண்ணீரில் அலசிக்கொண்டால் நல்லது.

இனி நம்மவர்களுக்குச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமான விஷயம், தேத்தண்ணி.

ரொட்டியும் சாயத்தண்ணியும் சேர்ந்துதான் நமக்குக் காலைச் சாப்பாடு. ஒரு வாய் ரொட்டி, ஒரு மடக்கு தேத்தண்ணி. வல்லாரைச் சம்பல், கௌப்பி, குரக்கன் (கேழ்வரகு) என்று பார்த்துப் பார்த்து எதைச் செய்து வைத்தாலும், அதோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணியில் இருக்கிற டானின், அந்தச் சாப்பாட்டின் இரும்புச்சத்தில் பெரும்பகுதியை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பால் கலந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. கொழுந்தெடுக்கிற பெண்களிடம் இரத்தச்சோகை இவ்வளவு இருக்கிற இடத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையே தேத்தண்ணியில் விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது தண்ணீரில்தான் விழுங்க வேண்டியது.

தேத்தண்ணியை விடச் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? நானே கேட்க மாட்டேன். நேரத்தை மட்டும் மாற்றலாம். ஐந்து மணிக்கு எழும்பியதும் ஒரு கோப்பை குடியுங்கள். ரொட்டியை ஆறரைக்கோ ஏழுக்கோ, பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகுமுன் சாப்பிடுங்கள். அடுத்த கோப்பைக்கு ஒரு மணி நேரமாவது போகட்டும். சாப்பாட்டில் பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் அந்த வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். சம்பலுக்குத் தேசிக்காய் பிழிகிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, காசு மிச்சம் பிடிக்க வினாகிரி ஊற்றுவதுதான் இடையில் வந்தது.

இலைக்கஞ்சிக்கு வருவோம். சிங்களத்தில் கொல கெந்த என்பார்கள். ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி, இரண்டு பல் பூண்டும் ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டுக் குழைய விட வேண்டும். அரிசியை நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேல்தோலோடு இருக்கிற சத்தும் போய்விடும், இரண்டு அலசு போதும். அரிசி உடைந்து குழைந்ததும் தேங்காய்ப்பால். அது சூடேறி ஓரத்தில் நுரைக்கத் தொடங்கும்போது, அம்மியில் அரைத்துப் பிழிந்த வல்லாரைச் சாற்றை ஊற்றி, ஒரே ஒரு கொதி காட்டி இறக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் கஞ்சியின் நிறத்தைப் பாருங்கள். மழை விட்டதும் கொழுந்து மலை தெரியுமே, அந்தப் பச்சை. நம் வீடுகளில் இலைச்சாற்றை அரிசியோடேயே போட்டு அரை மணி நேரம் காய்ச்சுகிறார்கள். நிறம் செத்துப்போய்ப் பாசி மாதிரி ஆகிவிடும், பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொட மாட்டார்கள், இலையில் இருந்த வைட்டமின் சியும் போய்விடும். பிறகு பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

இலையை எங்கே பறிக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். "இயற்கையாக முளைத்தது" என்று தேயிலைக்கு நடுவிலும் வடிகால் கானோரத்திலும் வல்லாரை பறிக்கிறோம். தேயிலை மலையில் களைக்கு மருந்தடிக்கிறார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்பவும் அனுமதித்தார்கள். மருந்தடித்த மலை ஒரு வாரம் கழித்துத்தான் மஞ்சளாகும். அதுவரை இலை பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். லயத்துக் கானில் வருவதோ கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்த தண்ணீர். மருந்தைக் கழுவி எடுக்க முடியாது, அழுக்கைக் கழுவினாலும் வல்லாரைச் சம்பலை நாம் பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம். ஒரு பழைய உரச் சாக்கை நன்றாகக் கழுவி, மண் நிரப்பி, இஸ்தோப்புத் திண்ணைப் பக்கம் வைத்து நாலு கொடி நட்டால் போதும், இந்த ஈரத்துக்கு அது தானாகப் படரும். எங்கள் வீட்டில் இரண்டு சாக்கு இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு நாள் கஞ்சிக்குத் தாராளம்.

கிழங்கைப் பற்றி இரண்டே வார்த்தை. வெலிமடை, நுவரெலியா உருளைக்கிழங்கு அவித்துக் கட்டச்சம்பலோடு சாப்பிடலாம், ஆனால் வெளிச்சத்தில் கிடந்து பச்சை பாய்ந்ததை வேண்டாம். அந்த நஞ்சு அவித்தாலும் போகாது. மரவள்ளியைத் தோல் உரித்து, துண்டாக்கி, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

கித்துள் பாணியும் கருப்பட்டியும் இயற்கை என்பதற்காகக் கஞ்சியில் ஊற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு: உடம்புக்கு அதுவும் சீனிதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஆறு தேக்கரண்டி. நாலு கோப்பைத் தேத்தண்ணியிலேயே அது முடிந்துவிடும். ஒரு கருப்பட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடித்துக் கடித்துச் சாயத்தண்ணி குடிக்கிற பழைய வழக்கம் சும்மா வந்ததில்லை.

திரிபோஷா என்ற சத்துமாப் பாக்கெட் வரும் வீடுகளில் இன்னொன்று நடக்கிறது. எடை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் என்று கொடுப்பதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீட்டில் எல்லாரும் ஆளுக்கு இரண்டு சாப்பிடுகிறோம். ருசிதான், எனக்கும் தெரியும். ஆனால் யார் பெயரில் வந்ததோ அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு கரண்டி.

கடைசியாக ரொட்டி. 2022இல் கோதுமை மா விலை எகிறியபோது நிறையப் பேர் குரக்கனுக்குத் திரும்பினார்கள். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிற தானியம், வேறெந்த அரிசியும் கோதுமையும் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரே நாளில் முழுக்க முழுக்கக் குரக்கனில் தட்டினார்கள். குரக்கனில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது, ரொட்டி தட்டும்போதே விண்டுபோகும், ஆறினால் ஓடு மாதிரி ஆகும். அதோடு சரி, குரக்கன் மா தகரத்துக்குள் போய்விட்டது. தென்மேல் பருவ மழையின் ஈரத்தில் அங்கேயே பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணம் பிடித்த மாவைச் சலித்து, வறுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். அந்த நஞ்சுக்கு அடுப்புச் சூடு போதாது.

நாலுக்கு ஒரு பங்கு குரக்கனில் தொடங்குங்கள், நாக்குப் பழகியதும் பாதிக்குப் பாதி. நன்றாகச் சூடான தண்ணீரில் குழைத்து, ஈரத்துணியால் மூடிப் பதினைந்து நிமிடம் விட்டால் மா மெதுவாகும். தேங்காய்ப்பூவைக் குறைக்காதீர்கள், ஆறிய பிறகும் ரொட்டி மெதுவாக இருப்பது அதனால்தான். தேங்காய் விலை இருக்கிற இருப்பில் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மலைக்குக் கொண்டுபோகிற ரொட்டியைச் சுடச்சுட லஞ்ச் சீட் என்ற பிளாஸ்டிக் தாளில் சுற்றுவதையும் விட்டுவிடலாம். ஆவி வெளியே போக வழியில்லாமல் ரொட்டி வியர்த்து, பத்து மணிக்குப் பிரிக்கும்போது பிளாஸ்டிக் வாடையோடு நொதநொதத்துக் கிடக்கும். வாழையிலையை அடுப்பில் வாட்டி, அதில் மடித்து, மேலே ஒரு துணி. சம்பலைத் தனியாகச் சின்ன இலையில் கட்டிக்கொடுங்கள், ரொட்டிக்குள் வைத்தால் ஈரம் இறங்கிவிடும்.