செவ்விலை ஏன் பழுப்பாகிறது? ஸ்கிராப்புக்கில் இலை ஒட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவுக்குக் குடிவந்த முதல் அக்டோபரில், வாசலில் நின்ற மேப்பிள் மரத்தடியிலிருந்து மகள் ஒரு கை நிறைய இலை பொறுக்கி வந்தாள். அன்று இரவே அவளுடைய ஸ்கிராப்புக்கில் ஒட்டிக் கொடுத்தேன். அடியில் பசை, மேலே அகலமான செல்லோ டேப். டிசம்பரில் திறந்து பார்த்தால், குங்குமம் போலிருந்த இலை காபித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. டேப்புக்கு அடியில் வெள்ளையாகப் பூசணம். எதிர்ப் பக்கத்தில் இலையின் வடிவத்திலேயே ஒரு மஞ்சள் கறை. அவள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதிலிருந்து ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

அன்று நான் நம்பியது ஊர்ப் பழக்கத்தை. பள்ளி நாட்களில் அரச இலையை நோட்டுக்குள் வைத்து மறந்துவிடுவோம். அது பத்திரமாக இருக்கும். அரச இலை தோல் போல உறுதியானது. ஊர் வெயிலில் தாளும் மொறுமொறுப்பாக இருக்கும், ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மேப்பிள் இலை மெல்லியது, குளிரிலும் தூறலிலும் நனைந்து விழுவது. அதற்குள்ளிருக்கும் நீரை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுகிறோமோ அவ்வளவுக்கு நிறம் தங்கும். செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த நீரை உள்ளேயே அடைத்துவைப்பவைதான்.

காரணம் இலையின் சாயத்தில் இருக்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டுகள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருப்பவை. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியில்லை. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து இலையுதிர்காலத்தில் புதிதாக உருவாகும் ஆந்தோசயனின் அது. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிறதல்லவா, அதே இனத்துச் சாயம். நீரில் கரையும், அமிலத்துக்கும் காரத்துக்கும் நிறம் மாறும், வெளிச்சத்தில் வெளுக்கும். இதோடு, இலை மெதுவாகக் காயும்போது, நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போன்ற மாற்றமும் உள்ளே நடக்கிறது. அதனால்தான் சிவப்பு இலை முதலில் ஏமாற்றுகிறது. ஜின்கோ மரத்தின் விசிறி வடிவ மஞ்சள் இலை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். முதன்முதலில் செய்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

பொறுக்கும்போதே சில தவறுகள் நடந்துவிடுகின்றன. மழை விட்டதும் ஓடிப்போய் எடுப்பது ஒன்று. இரண்டு நாள் வெயிலடித்த பின் மதியத்தில் எடுங்கள். தரையில் கிடந்து சருகாகிப்போனதும் உதவாது. மடித்தால் முறியாமல் வளைகிற, அன்று விழுந்த இலைதான் வேண்டும். நார்வே மேப்பிளில் தார்ச் சொட்டு போலக் கரும்புள்ளிகள் இருக்கும். அது பூஞ்சையால் வருவது. காய்ந்த இலையில் பரவாது, பக்கத்தைக் கெடுக்காது. எனக்கு அந்தப் புள்ளிகள் பிடிக்கும், வேண்டுமென்றே எடுப்பேன். தேசியப் பூங்காக்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் இயற்கைப் பொருட்களை எடுத்துவர அனுமதி கிடையாது. வீட்டு வாசலிலும் வீதியோரத்திலும் கிடைப்பதே தாராளம்.

நம்மவர்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது பாய்சன் ஐவி. டொராண்டோவின் ஓடைப் பள்ளத்தாக்குகளில் வளரும் இந்தச் செடி இலையுதிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகிவிடும். குழந்தைகள் முதலில் அதற்குத்தான் கை நீட்டுவார்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள், நடுவிலுள்ளதற்கு மட்டும் நீண்ட காம்பு என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள உருசியோல் என்ற எண்ணெய்ப் பசை தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பி வாரக்கணக்கில் அரிக்கும். சேங்கொட்டைப் பாலும் முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெயும் படுத்தும் பாட்டை ஊரில் கண்டிருப்போம். எல்லாம் மாமரக் குடும்பத்துச் செடிகள்தான், விஷமும் ஒரே வகை. காய்ந்தாலும் அந்தப் பசை ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். தெரியாமல் ஸ்கிராப்புக்கில் ஒட்டிவிட்டால், பக்கத்தைத் தொடும் ஒவ்வொரு கைக்கும் ஆபத்து. எந்த இலை என்று தெரியாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

இனி அழுத்துவது. வழவழப்பான பத்திரிகைத் தாளுக்குள் வைப்பது பலரும் செய்யும் பிழை. அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சாது, இலை அங்கேயே வெந்துபோகும். செய்தித்தாள், மையொற்றுத் தாள், சமையலறை டிஷ்யூ போன்ற உறிஞ்சும் தாள்தான் வேண்டும். டிஷ்யூவில் புடைப்புக் கோலம் இருந்தால் அது இலையில் பதிந்துவிடும், அதையும் பாருங்கள். இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது. மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள்.

அடுக்கிவிட்டு இரண்டு வாரம் மறந்துவிடுவதைத்தான் பெரிய தவறு என்பேன். முதல் மூன்று நான்கு நாட்களுக்குத் தினமும் தாளை மாற்ற வேண்டும். முதல் நாள் எடுத்த தாளைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். அந்த ஈரம் மாற்றாத தாளிலேயே நின்றால் திரும்ப இலைக்குத்தான் போகும். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த செடிகள் இன்றும் தாளில் இருக்கின்றன. அவற்றையும் உறிஞ்சும் தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

காம்பையும் கவனியுங்கள். இலை தாள் போல மெல்லியது, காம்பு தீக்குச்சி கனம். புத்தகத்தின் பாரம் முழுவதையும் காம்பு தாங்கிக்கொள்ள, இலையின் ஓரத்துக்கு அழுத்தமே கிடைக்காமல் அது சுருண்டுவிடும். காம்பின் அடிப்பக்கத்தைப் பிளேடால் நீளவாக்கில் லேசாகச் சீவிவிட்டாலோ, இலைமேல் டிஷ்யூவை இரண்டு மூன்று மடிப்பு கூடுதலாக வைத்தாலோ சரியாகும். பத்து முதல் பதினான்கு நாளில் உலர்ந்துவிடும். சந்தேகமிருந்தால் இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவசரத்துக்கு இஸ்திரிப் பெட்டியை எடுப்பவர்கள் ஆவியை அணைக்க மறந்துவிடுகிறார்கள். உலர்த்த வேண்டிய இலைக்கு ஆவி பிடித்தால் என்ன ஆகும்? இன்னொரு குழப்பம் தாளில். மெழுகுத்தாளும் பேக்கிங்குக்குப் போடும் பார்ச்மென்ட் தாளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பார்ச்மென்டில் இருப்பது சிலிகான் பூச்சு. எவ்வளவு தேய்த்தாலும் இலையில் ஒட்டாது. மெழுகுத்தாள்தான் சூட்டில் உருகி இலைமேல் படலமாகும். அதுவும் ஏற்கெனவே அழுத்தி உலர்த்திய இலைக்கு, மேலும் கீழும் பழைய துணி போட்டு, மிதமான சூட்டில். மைக்ரோவேவில் வைப்பதென்றால் டிஷ்யூக்களுக்கிடையில் வைத்து முதலில் அரை நிமிடம், பிறகு ஐந்து பத்து விநாடிகளாக. பக்கத்திலேயே நில்லுங்கள், காய்ந்த இலை தீப்பிடிக்கும்.

கிளிசரினில் ஊறவைப்பது மாலைக்கும் பூச்சாடிக்கும் நல்ல வழி. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர். இலை தோல் போல மிருதுவாகிவிடும். ஸ்கிராப்புக்குக்கு வேண்டாம். நிறம் கருத்துவிடும், கசிகிற பிசுக்கு தாளில் எண்ணெய்க் கறை போல ஊறும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே இலையைப் பாதுகாக்கும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். அது உலர்த்தாது, பிசுபிசுப்பைத்தான் சேர்க்கும்.

லேமினேஷன் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முழுதாக உலராத இலையை இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் அடைத்தால் ஈரம் போக வழியே இல்லை. என் முதல் பக்கத்தில் செல்லோ டேப் செய்தது அதைத்தான். ஒருமுறை லேமினேட் செய்துவிட்டால் இலையைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அபூர்வமான இலைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஒட்டுவதில் குறைவுதான் நல்லது. இலை முழுக்கப் பசை தடவினால் பசையிலுள்ள நீரில் இலை நெளியும், சிவப்புச் சாயம் தாளில் இறங்கும். அமிலமில்லாத வெள்ளைப் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு, நடுநரம்பில் மூன்று நான்கு புள்ளி வைத்தால் போதும். அதைவிட நல்லது, காம்பின் குறுக்கே மெல்லிய தாள் பட்டையை வைத்து, பட்டையின் இரு முனைகளை மட்டும் ஒட்டுவது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் சிறுமியாக இருந்தபோது 66 பக்கங்களில் 424 செடிகளைச் சேர்த்த தொகுப்பு ஹார்வர்டில் இருக்கிறது. அதில் அவர் செடிகளைப் பிடித்துவைத்தது இப்படிப்பட்ட தாள் பட்டைகளால்தான். பக்கத்துக்கு அமிலமும், தாளை நாளடைவில் மஞ்சளாக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் இல்லாத தாள் வாங்குங்கள். மேலுறை போடுவதென்றால் பி.வி.சி. வேண்டாம், நாளடைவில் அதுவே அமிலம் விடும். பாலிபுரொப்பிலீன் உறை கடைகளில் கிடைக்கிறது.

ஒட்டி முடித்த பக்கத்தைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். மூடிய புத்தகத்தின் இருட்டுதான் சிவப்புக்குப் பாதுகாப்பு. ஒட்டுவதற்கு முன், உலர்ந்த இலைகளை இறுக மூடிய ஜிப் உறையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால், ஒளிந்திருக்கும் பூச்சியும் முட்டையும் பெரும்பாலும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் இலைமேல் பனித்துளி கோத்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இலைக்குக் கீழே குறிப்பு எழுதப் பென்சில்தான் நல்லது. பேனா மை ஈரம் பட்டால் ஊறும். மரத்தின் பெயர், எடுத்த இடம், நாள் மூன்றும் போதும். போன ஆண்டுப் பக்கத்தில் மகள் எழுதியிருக்கிறாள்: 'நார்வே மேப்பிள், பஸ் நிறுத்தம், அக்டோபர் 27. மழை இல்லை.'