வைட்டமின் கே: கீரை யாருக்குப் போதும், மாத்திரை யாருக்குத் தேவை, யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்

மூட்டுவலிக்கோ எலும்புத் தேய்மானத்துக்கோ கால்சியம் மாத்திரை வாங்கி வந்தால், அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கால்சியம், வைட்டமின் டி3 ஆகியவற்றுக்குக் கீழே பல அட்டைகளில் ‘வைட்டமின் கே2-7’ அல்லது ‘மெனாகுவினோன்-7’ என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோருக்கு அந்த வரியால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளும் ஒருவருக்கு அதே வரி ஆபத்தாக முடியலாம். எனவே வைட்டமின் கே மாத்திரையைத் தொடங்குவதற்கு முன், அது தேவையில்லாதவர், தேவையுள்ளவர், மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாதவர் என்ற மூன்று பிரிவுகளில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் 1929 முதல் கோழிக்குஞ்சுகளின் உணவை ஆராய்ந்தபோது, கொழுப்பு நீக்கிய தீனி தின்ற குஞ்சுகளுக்கு ரத்தக்கசிவு ஏற்படுவதைக் கண்டார். அந்தத் தேடலில்தான் இந்தச் சத்து வெளிப்பட்டது. அதற்காக 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்கரான எட்வர்டு டாய்சிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ரத்தத்தை உறையவைக்க நம் கல்லீரல் உருவாக்கும் புரதங்களான உறைவுக் காரணிகளில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கும் வேலை செய்யும் நிலைக்கு வருவதற்கு வைட்டமின் கே வேண்டும். எலும்பில் கால்சியம் சேர உதவும் ஒரு புரதத்துக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் காக்கும் இன்னொரு புரதத்துக்கும் இதே சத்து தேவைப்படுகிறது. கீரைகளில் இருப்பது கே1. நுண்ணுயிர்கள் உருவாக்குவதும், முட்டை மஞ்சள் கரு, கோழி இறைச்சி, பாலாடைக்கட்டி போன்றவற்றில் இருப்பதும் கே2 வகைகள்.

உணவிலிருந்து பெறும் முறை

நாளொன்றுக்கு வளர்ந்த ஆணுக்கு 120 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 90 மைக்ரோகிராம் போதுமான அளவு என்று அமெரிக்க ஊட்டச்சத்துக் குழு 2001இல் வகுத்தது. வேறு சில நாடுகளின் பரிந்துரை இதைவிடக் குறைவு. வேகவைத்த பாலக் கீரை அரைக் கோப்பையில் மட்டும் 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் வந்து தெருமுனைக் கூடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவை எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தவை. அவையும் இந்தச் சத்து மிகுந்தவையே. முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றிலும் நல்ல அளவு உண்டு. வேகவைத்த முட்டைக்கோஸ் அரைக் கோப்பையில் ஏறக்குறைய 80 மைக்ரோகிராம் கிடைக்கும். முட்டை ஒன்றில் 4 மைக்ரோகிராம் அளவே உள்ளது. அரிசி, பருப்பு, கிழங்கு ஆகியவற்றை இதற்காக நம்பியிருக்க முடியாது. எண்ணெய்களில் சோயா எண்ணெயில் ஓரளவு உண்டு. கடலை எண்ணெயில் மிகச் சொற்பம்.

உடலில் எவ்வளவு சேர்கிறது என்பது சமைக்கும் விதத்தையும் பொறுத்தது. இலையின் பச்சையத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால், கீரையில் உள்ள கே1 மாத்திரையில் உள்ளதைப் போல எளிதில் குடலில் ஏறுவதில்லை. இது கொழுப்பில் கரையும் சத்து என்பதால் எண்ணெய் சேர்ந்தால்தான் நன்றாக உட்கிரகிக்கப்படும். ஆகவே எண்ணெயே இல்லாமல் வேகவைத்துச் சாப்பிடுவதைவிட, நல்லெண்ணெயில் தாளித்துக் கடைந்த கீரையும், தேங்காய்த்துருவல் போட்ட பொரியலும் இந்த வகையில் மேல். சமைக்கும் சூட்டில் இந்தச் சத்து பெரிதாக அழிவதில்லை; வெளிச்சம்தான் இதற்குப் பகை. வாரத்தில் மூன்று நான்கு நாள் கீரை வேகும் வீட்டில், உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் வைட்டமின் கே மாத்திரைக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

யாருக்குத் துணைச் சத்து தேவைப்படும்

முதலிடம் பிறந்த குழந்தைக்குத்தான். நஞ்சுக்கொடி வழியாக இந்தச் சத்து மிகக் குறைவாகவே கருவுக்குப் போகிறது, தாய்ப்பாலிலும் குறைவு. அதனால் பிறந்த முதல் வாரத்திலோ, சில குழந்தைகளுக்கு இரண்டாம் வாரம் தொடங்கி ஆறு மாதத்துக்குள்ளோ, திடீரென ரத்தக்கசிவு ஏற்படலாம். தாமதமாக வரும் கசிவு பெரும்பாலும் மூளைக்குள் நிகழ்வதால் அது உயிருக்கே ஆபத்தானது. இதைத் தடுக்க, பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி போடப்படுகிறது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு அரை மில்லிகிராம். மருத்துவமனையில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போட வேண்டும் என்று இந்திய அரசு 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது, தடுப்பூசி அட்டையிலோ டிஸ்சார்ஜ் சீட்டிலோ இந்த ஊசி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே செவிலியரிடம் கேளுங்கள். இந்த ஊசியால் புற்றுநோய் வரும் என்று 1990களின் தொடக்கத்தில் எழுந்த அச்சத்தைப் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அந்தப் பழைய அச்சத்தை நம்பி ஊசியை மறுப்பது குழந்தைக்குச் செய்யும் தீங்கு.

பெரியவர்களில், பித்தநாளம் அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர்கள், குடலில் கொழுப்பு உட்கிரகிக்கப்படாத நோயுள்ளவர்கள், உடல் எடைக்காகக் குடல் அறுவை செய்துகொண்டவர்கள், சரியாகச் சாப்பிட முடியாத நிலையில் நெடுநாள் ஆன்டிபயாடிக் மருந்து பெறுபவர்கள் ஆகியோருக்குப் பற்றாக்குறை வரலாம். எலி மருந்துகளில் சில வகை, உடலில் வைட்டமின் கேயின் வேலையை முடக்குபவை. அவற்றை விழுங்கியவருக்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கே1 கொடுக்க நேரும். இவை எல்லாம் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவெடுக்க வேண்டியவை. ஈறில் ரத்தம் வருகிறது, தோலில் நீலம் பாய்கிறது என்பதற்காக வீட்டிலேயே மாத்திரை தொடங்கினால், உண்மையான காரணம் மறைந்துபோகும். மழைக்காலத்தில் டெங்கு வரும்போது இதை மறக்கக் கூடாது: டெங்குவில் குறைவது தட்டணுக்கள், வைட்டமின் கே அவற்றை உயர்த்தாது.

எலும்புக்காகக் கே2 மாத்திரை எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்கு மெனாகுவினோன்-4 என்ற கே2 வகையை நாளுக்கு 45 மில்லிகிராம் கொடுக்கிறார்கள், இது மருந்தளவு. நம் கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளில் உள்ளது சில பத்து மைக்ரோகிராம், அதுவும் வேறு வகை. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம் என்பதை நினைவில் வைத்தால், ஒன்றின் ஆய்வு முடிவை மற்றொன்றுக்குப் பொருத்திச் செய்யும் விளம்பரங்களில் ஏமாற மாட்டீர்கள். கால்சியமும் டி3யும் மட்டும் உள்ள மாத்திரை வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

வார்ஃபரின், அசிட்ரோம் உட்கொள்பவர்கள்

செயற்கை வால்வு பொருத்தியவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், இதயத்துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களில் பலர், ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் மாத்திரையையோ, அசிட்ரோம் என்ற பெயரில் விற்கும் அசினோகூமரால் மாத்திரையையோ உட்கொள்கிறார்கள். வைட்டமின் கே மீண்டும் மீண்டும் பயன்படாமல் தடுப்பதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பரிசோதித்துச் சொல்லும் ஐ.என்.ஆர். எண் பலருக்கு 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும்; செயற்கை மைட்ரல் வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை வைப்பது வழக்கம். வைட்டமின் கே திடீரெனக் கூடினால் இந்த எண் இறங்கி வால்வில் ரத்தம் உறையலாம். திடீரெனக் குறைந்தால் எண் ஏறி ரத்தக்கசிவு வரலாம்.

இங்கேதான் நம் வீடுகளில் பெரிய தவறான புரிதல் இருக்கிறது. ‘கீரை சாப்பிடக் கூடாது’ என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கீரையையே அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். கீரையே இல்லாத சாப்பாட்டுக்கு ஏற்ப மாத்திரையின் அளவும் நிலைபெற்றுவிடுகிறது. பிறகு புரட்டாசி வந்து வீட்டில் அசைவம் நின்று, கீரையும் கோஸும் அடிக்கடி இலையில் விழும்போது எண் சரிகிறது. கீரையை விலக்குவதைவிட அளவை நிலையாக வைத்துக்கொள்வதே சரியான வழி. வாரம் மூன்று நாள், ஒரு கரண்டி என்று முடிவு செய்தால், எல்லா மாதங்களிலும் அப்படியே உண்ணுங்கள். ஐயப்பன் விரதமோ, நீண்ட பயணமோ, சாப்பிட முடியாத காய்ச்சலோ உணவை மாற்றினால், அதை மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். மெரினாவிலும் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் காலை நடையின்போது அருகம்புல் சாறு போன்ற பச்சை இலைச் சாறு குடிக்கும் வழக்கத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

கே2-7 மாத்திரையை இவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது. கே1 ரத்தத்தில் சில மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. கே2-7 நாட்கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போவதால், சிறிய அளவும் ஐ.என்.ஆரைக் குலைக்கும். எலும்பு மருத்துவரிடம் போகும்போது இதய மருத்துவரின் சீட்டையும், ஐ.என்.ஆர். எழுதிய நோட்டையும் கையில் கொண்டு போங்கள். மல்டிவைட்டமின் மாத்திரை, புரோட்டீன் பவுடர் ஆகியவற்றின் சத்துப் பட்டியலையும் பாருங்கள்.

டாபிகாட்ரான், ரிவராக்சாபான், அபிக்சாபான் ஆகிய புதிய மருந்துகளும், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவையும் வேறு வழியில் வேலை செய்பவை. இவற்றுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. நீங்கள் உட்கொள்வது எது என்று பெயரைச் சரிபார்த்த பிறகே உணவை மாற்றுங்கள்.

பக்கவிளைவுகள்

உணவிலோ மாத்திரையிலோ வரும் கே1, கே2 வகைகளுக்கு நச்சு அளவு என்று உச்சவரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. உடல்நலத்தோடு இருப்பவருக்கு எப்போதாவது வயிற்றுப் புரட்டல் வரலாம். ஊசிக்கு நிலை வேறு. நரம்பில் வேகமாகச் செலுத்தினால், அரிதாக மூச்சுத்திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று கடும் ஒவ்வாமை வந்து உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அதனால்தான் மருத்துவமனையில் அதை நீர்த்து, மெதுவாக ஏற்றுகிறார்கள். மெனடியோன் என்ற செயற்கையான கே3 சிவப்பணுக்களை உடைத்து, கைக்குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கியது. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. மனிதருக்கான சத்து மாத்திரையில் இது இருக்கக் கூடாது. எதிர்த்திசையில், வைட்டமின் ஈ மாத்திரையை மிகுந்த அளவில் எடுத்தால் வைட்டமின் கேயின் வேலை தடைபடலாம்.

ஐ.என்.ஆர். ஏறியிருக்கிறது என்று அறிக்கையில் பார்த்தவுடன், தானாகவே வைட்டமின் கே மாத்திரை விழுங்குவது செயற்கை வால்வு உள்ளவருக்கு மிக ஆபத்து. அளவு மீறினால் அதன்பின் பல நாட்களுக்கு வார்ஃபரின் வேலை செய்யாமல் போகும். அறிக்கையை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பல் பிடுங்குவதற்கு முன்னும் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், பல் மருத்துவரையும் இதய மருத்துவரையும் ஒருவரோடு ஒருவர் பேசச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, திடீரெனக் கடுமையான தலைவலி வந்தாலோ, முகம் கோணி வாய் குழறினாலோ, மறுநாள் வரை காத்திராமல் 108ஐ அழைத்து, வந்தவர்களிடம் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.