கல்சியக் குளிசையை எப்போது போடுவது? அம்மாவின் மணிக்கட்டு முறிந்த பிறகு நாங்கள் செய்தவை

போன மாரியில் கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அம்மாவுக்கு 61 வயது. நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் அது மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். இரத்தத்தில் விற்றமின் டி 14 ng/mL. இருபதுக்குக் கீழே போனால் குறைபாடு. திருகோணமலை வெயிலில் இருந்துகொண்டு இதுவா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வெயில்

அம்மாவின் நாளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. காலை ஆறரைக்குச் சந்தை, பின்னேரம் கோயில், இடையில் முழுக்க வீடு. விற்றமின் டி உண்டாக்கும் கதிர் அதிகாலை வெயிலில் மிகக் குறைவு. சன்னல் கண்ணாடிக்குள்ளாலும் அது வராது. நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரமே சரியான நேரம். இப்போது அம்மா ஒன்பதரைக்கு மேல் கை கால் திறந்தபடி முற்றத்தில் இருபது நிமிடம் இருந்து வெங்காயம் உரிக்கிறார்.

சாப்பாடு

50 தாண்டிய பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 340 இருக்கிறது. அதனால் காலையில் குரக்கன் பிட்டு, மதியம் கிண்ணியாச் சட்டித் தயிர், இடையிடையே முள்ளோடு மெல்லும் நெத்தலி. நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிடுங்கள், உப்பு கூடினால் சிறுநீரோடு கல்சியமும் போய்விடும். முளைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் கல்சியம் இருந்தாலும் ஒக்சலேற்று அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

குளிசை (நான் சறுக்கிய இடம்)

அட்டையில் ‘கல்சியம் காபனேற்று 1250’ என்று போட்டிருந்தது. ஒன்றிலேயே 1200 தாண்டிவிட்டதே என்று நினைத்தேன். 1250 என்பது கல்சியம் காபனேற்று முழுவதின் எடை, மில்லிகிராமில். அதில் 40 வீதம்தான் கல்சியம், அதாவது 500. சாப்பாட்டில் 700 அளவில் கிடைத்தால் ஒரு குளிசை போதும். இரண்டு போடச் சொல்லியிருந்தால் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். ஒரு தடவைக்கு 500க்கு மேல் போனால் உடம்பு ஒழுங்காக எடுக்காது.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. ஏழு நாள் குளிசைப் பெட்டி ஒன்று வாங்கி, அம்மாவின் தைரொய்ட் குளிசை, கல்சியம், விற்றமின் டி மூன்றையும் ‘காலை’ அறைக்குள் போட்டுவிட்டேன். வெறுவயிற்றில் ஒரே மிடறு. மூன்று மாதத்தில் தைரொய்ட் ரிப்போட் குழம்பிப்போய் வந்தது. மருந்தின் அளவைக் கூட்டுவோமா என்று யோசித்த டொக்டர், “அம்மா, இதோடு வேறென்ன போடுறீங்கள்?” என்று கேட்டார். அம்மா பெட்டியைத் திறந்து காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தைரொய்ட் குளிசைக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தோடு சேர்க்கக்கூடாது. காபனேற்று வகை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், ஆகவே அது சாப்பாட்டோடு. விற்றமின் டிக்குக் கொழுப்பு வேண்டும், தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பு இருக்கும் மதியச் சோறு அதற்குத் தோது.

இப்போது பெட்டியும் இல்லை, போன் அலாரமும் இல்லை. தைரொய்ட் போத்தல் கட்டில் தலைமாட்டில், மற்ற இரண்டும் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில். என்னைக் கேட்டால் அலாரத்தைவிட இதுதான் வேலை செய்யும்.

உடற்பயிற்சி

உப்புவெளியில் கடல் குளிப்பு போதும் என்று நினைத்திருந்தேன். நீந்துவது நெஞ்சுக்கு நல்லது, ஆனால் தண்ணீர் நம் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. எலும்பு பாரம் விழுந்தால்தான் உறுதியாகும். கை ஆறிய பிறகு, கோட்டை வாசலில் இறங்கி மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயில் ஏற்றத்தை நடந்தே ஏறுகிறோம். வீட்டில் கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பார். குசினிக் கல்லைப் பிடித்தபடி குதிக்காலைத் தூக்கி இறக்குவார். முதுகெலும்பு மெலிந்தவர்கள் குனிந்து பாரம் தூக்க வேண்டாம்.

பிறகு சேர்த்தது

உடம்பை மூடி உடுத்துகிறவர்கள் வெயிலுக்கு என்ன செய்வது என்று கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். மதில் கட்டிய பின்வளவு இருந்தால் அங்கே நிற்கலாம். இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்து குளிசைதான்.

இன்னொருவர், கிழமைக்கு ஒன்று போட வேண்டிய 50,000 அலகு விற்றமின் டிக் குளிசையை நாளுக்கு ஒன்றாகப் போட்டாராம். உடனே நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். இரத்தத்தில் கல்சியம் ஏறினால் வாந்தி, தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரும். சாதாரணத் தேவை நாளுக்கு 600 முதல் 800 அலகு. டொக்டர் சொல்லாமல் 4000ஐத் தாண்டக்கூடாது.

கிணற்றடியில் என்ன செய்தீர்கள் என்றும் சிலர் கேட்டீர்கள். பாசியைத் தென்னந்தும்பால் தேய்த்தெடுத்து, சொரசொரப்பாகச் சீமெந்து பூசியாயிற்று. கைப்பிடிக்குக் குழாய் வாங்கியிருக்கிறேன், மேசன்தான் இன்னும் வரவில்லை.