‘பஸ்’ஸில் ‘ஸ்’ கேட்கிறதா? அனிமேஷனுக்கு ஒலியைச் சுருக்கும் முறை

குழந்தைகளுக்கு 2டி பாட அனிமேஷன் செய்வதுதான் என் பிழைப்பு. ஃபிளாஷ் (இன்றைய அடோபி அனிமேட் மென்பொருளின் பழைய பெயர்) காலத்தில் செய்த முதல் வேலையிலேயே ஒலியால் மானம் போனது. மூன்று நிமிடப் பாடம், படமெல்லாம் அழகாக வந்திருந்தது. போட்டுக் காட்டினால் ‘ஸ்கூல் பஸ் வந்தது’ என்ற வரி, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசியது போல ‘கூல் பப் வந்தது’ என்று கேட்டது. குரல் கொடுத்த அக்கா என்னை முறைத்தார். அவர் மேல் தப்பே இல்லை. பப்ளிஷ் செட்டிங்ஸில் (கோப்பை வெளியேற்றும் அமைப்பில்) ஒலிக்குத் தானாகவே இருந்தது எம்பி3, விநாடிக்கு 16 கிலோபிட், மோனோ (ஒற்றைத் தடம்). நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

‘ஸ்’ என்ற சீறும் ஒலியின் உயிர் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட்; அதில் பாதி வரைக்கும்தான் ஒலி பதிவாகும். 11,025 வைத்தால் சுமார் 5,500 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ‘ஸ்’ போயே போச்சு. 22,050 வைத்தால் 11,000 வரை கிடைக்கும், பேச்சுக்கு அது போதும். பாட்டு என்றால் 44,100க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். பதிவு, வெட்டு, ஒட்டு எல்லாமே சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பில்தான். எம்பி3யைத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3யாகச் சேமித்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒலி உதிரும். சுருக்குவது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில்.

ஒற்றைக் குரலுக்கு ஸ்டீரியோ வீண் செலவு. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்தியில் மோனோவாக்கி, ஒலியளவைச் சரிசெய்யும் நார்மலைஸில் உச்சத்தை -1 டெசிபலில் வைத்து, எம்பி3 64 கிலோபிட் கான்ஸ்டன்ட் (மாறாத பிட் அளவு) என்று ஏற்றுமதி செய்யுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு 10.6 எம்பி தின்னும். இந்த எம்பி3 நிமிடத்துக்கு வெறும் 480 கேபி. மூன்று நிமிடப் பாடம் ஒன்றரை எம்பிக்குள் அடங்கிவிடும்.

உதட்டசைவு இருந்தால் மட்டும் இன்னொரு தொல்லை. எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். 22,050 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 50 மில்லிசெகண்ட் வரும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட், அதாவது வாய் ஒரு ஃபிரேம் முந்திவிடும். அதனால் அனிமேட்டில் வேவையே இறக்கி, ஒலி தொடங்கும் கீஃபிரேமில் சிங்க்கை (ஒலியும் படமும் பொருந்தும் அமைப்பை) ‘ஸ்ட்ரீம்’ ஆக்கி, அதை வைத்தே உதடுகளை வரைகிறேன். ‘ஈவென்ட்’ என்று விட்டால் ஒலி டைம்லைனை (ஃபிரேம் வரிசையை) மதிக்காமல் தன்பாட்டுக்கு ஓடும், கணினி திணறினால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பட்டன் ‘டிக்’ சத்தத்துக்கு ஈவென்ட்தான் சரி.

பின்னணியில் சுழலும் தம்புரா சுருதிக்கும் எம்பி3 ஆகாது. அதே மௌனம் ஒவ்வொரு சுற்றிலும் விக்கலாகக் கேட்கும். எட்டு விநாடி வேவ் துண்டு என்றால் அப்படியே விட்டுவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது.

வீடியோவாக வெளியேற்றுவது என்றால் இவ்வளவு கஞ்சத்தனம் வேண்டாம். 48,000 ஹெர்ட்ஸ், ஏஏசி (எம்பி3 போல இன்னொரு சுருக்கும் முறை). மோனோவுக்கு 128 கிலோபிட், ஸ்டீரியோவுக்கு 384 என்று யூடியூப் பரிந்துரைக்கிறது.

அப்புறம், ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிடாதீர்கள். நான் ஃபேன் ஓடும் அறையில், போன் ஸ்பீக்கரில், ‘ஸ்’ அதிகம் வரும் வரியை மட்டும் இரண்டு தடவை ஓடவிடுவேன். குழறினால் 64ஐ 80 ஆக்கி, வேவிலிருந்து மறுபடி ஏற்றுமதி.